தங்கராஜ் அண்ணாச்சி இறங்கிய படி

மாடிப்படியின் உச்சியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தங்கராஜ் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சூரியநெல்லியின் அந்த மழைக்குளிரில் ஒரு மனிதருக்கு அப்படி வியர்க்கக் கூடாது.

நாற்காலியை நாலு பேர் பிடித்திருந்தார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நான் படிக்குக் கீழே நின்றேன். மாடி பாத்ரூமில் குழாய் சொட்டுகிறது என்று பார்க்க வந்தவள். கையில் அளவு டேப் இருந்தது. அதை ஏன் இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நான் நடந்தே வந்துருவேன், விடுங்கலே" என்றார் அண்ணாச்சி. குரல் பாதிதான் வெளியே வந்தது.

"வாய மூடிட்டு உக்காருங்க" என்றான் கொத்தனார் செபஸ்தி. முன்னால் நின்று, முகத்தை அவர் பக்கம் வைத்து, பின்னோக்கி இறங்க வேண்டிய இருவரில் அவன் ஒருவன்.

புஷ்பம் மைனி, அண்ணாச்சியின் மனைவி, முற்றத்தில் ஜெபமாலையோடு நின்றார். சாலையில் அவர்களுடைய ஜீப், பக்கத்து வீட்டுப் பையன் ஸ்டியரிங்கில், உறுமிக்கொண்டிருந்தது. மஞ்சுமூட்டம் இறங்கி எதிரில் இருந்த தேயிலைக் காட்டை மூடிவிட்டது.

அந்தப் படியைக் கட்டியது நான். அதன் திருப்பத்தில் நாற்காலி சிக்குமா, ஈரத்தில் கால் வழுக்குமா என்று ஒரே நொடியில் எனக்குள் ஆயிரம் கேள்வி. அந்தப் படியின் அகலத்துக்காக அவரும் நானும் போட்ட சண்டையைச் சொல்லாமல் இதற்கு மேல் எழுத முடியாது. மனிதரை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று எனக்கும் அந்த நொடி அவ்வளவு நீளமாகத்தான் இருந்தது.

இன்னும் கொஞ்சம்

நான் பயந்த சுபாவம். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் தெருவரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் நடக்கும்போது, சனிக்கிழமை கான்கிரீட் தளத்துக்குக் கொடுத்த முட்டு சரியாக நிற்கிறதா என்று மனம் வேலை நடக்கும் இடத்துக்கு ஓடிவிடும்.

பிறந்தது வண்டிப்பெரியார் பக்கம், எஸ்டேட் லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக நீளும் கம்பெனி வீடுகளைத்தான் லயம் என்போம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன்பின் சித்தாள் வேலை, பிறகு சொந்தமாகச் சின்னச் சின்னப் பூச்சு வேலை, இப்போது காண்ட்ராக்டர். புது வீடு கட்டுவதில்லை. பழைய வீட்டை இடித்து, நீட்டி, மேலே அறை ஏற்றிக் கொடுப்பது என் வேலை.

வேலையாட்கள் எனக்கு வைத்த பெயர் 'இன்னுங்கொஞ்சம் அக்கா'. கம்பி போதுமா என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் என்பேன். தண்ணீர் ஊற்றியது போதுமா என்றாலும் அதே பதில். ஒருமுறை செபஸ்தி டீக்கடையில் என் டீயை நீட்டிக்கொண்டே, "சீனி எவ்வளவுன்னு அக்காகிட்ட கேக்காதீங்க, கட கடனாயிரும்" என்றான். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். டீ ஆறுகிறதே என்ற கவலையும் உள்ளே ஓடியது.

கயிற்றில் ஏறும் பீரோ

எங்கள் மலைப்பக்கம் வீடுகள் வளர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் ஓய்வு பெற்றவர்கள் ஒரு துண்டு நிலம் வாங்கி, இரண்டு அறை போட்டார்கள். மகனுக்குக் கல்யாணம் என்றதும் பின்னால் ஓர் அறை. டூரிஸ்ட்டுகள் வரத் தொடங்கியதும் மேலே இரண்டு அறை. யாரும் இதைக் கட்டுமானம் என்று சொல்வதில்லை. 'ஆல்ட்ரேஷன்' என்பார்கள்.

ஆல்ட்ரேஷனுக்கு என்ன ரூல் என்பதுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் கேட்கும் கேள்வி. கேள்வி மாதிரி இருக்கும், பதில் அதிலேயே இருக்கும். ரூல் எல்லாம் புது வீட்டுக்கு, நாம் சும்மா கொஞ்சம் நீட்டுகிறோம் என்ற எண்ணம். எனக்கோ பழைய வீடு என்றால்தான் அதிக பயம். புது வீட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டவனுக்குத் தெரியும். பழைய சுவரில் சம்மட்டி படும்வரை அது எதைத் தாங்கி நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் விடப் பயம் எங்கள் ஊர் மாடிப்படி. மாடி கடைசியாக வருவதால் படிக்கு இடம் மிச்சமிருக்காது. வீட்டுக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவில் கிடைக்கும் சந்தில் ஏணி மாதிரி ஒன்றைச் செருகுவார்கள். அதனால் எங்கள் பக்கம் கல்யாணப் பீரோ படியில் ஏறுவதில்லை. கயிற்றில் ஏறும்.

பீரோவைப் பழைய சேலையில் சுற்றி, கயிறு கட்டி, மாடிக் கைப்பிடிச் சுவர் வழியாக இழுப்பார்கள். மேலே ஆறு பேர், கீழே ஊரே. "இழு, இழு, கண்ணாடி பத்திரம்" என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். பீரோ அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். சன்ஷேடில் இடித்து ஒரு துண்டு சிமெண்ட் விழும். சின்னப் பிள்ளைகள் கை தட்டும். அது கல்யாணத்தின் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கயிற்றுக்காரருக்குத் தனியாக வெற்றிலை பாக்கு கூட உண்டு.

ஒரு கல்யாண வீட்டில் நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பீரோ கயித்துல ஏறுது சரி. மாடியில படுத்துருக்கவங்க எந்திரிக்க முடியலன்னா எதுல இறங்குவாங்க?"

பெண்வீட்டுக்காரர் என்னை முறைத்தார். "நல்ல நாள்ல என்ன பேச்சு பேசுறீங்க?"

நான் சாப்பிடாமலே வந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. வெட்கம்தான். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

பயந்தவர்கள் எழுதியது

பஞ்சாயத்து ஆபீஸில் ஓர் ஓவர்சியர் இருந்தார். என்னைவிட வயதில் சிறியவர், கோட்டயம் பக்கத்து மலையாளி. முதல் முறை போனபோது அவர் மேசைக்கு முன்னால் நின்று எனக்குப் பேச்சு வரவில்லை. ஆபீஸ் என்றாலே கையைக் கட்டி நிற்கிற வீட்டில் வளர்ந்தவள்.

"பேடிக்க வேண்டா சேச்சி, இருங்க" என்று, பயப்பட வேண்டாம் அக்கா என்பதைப் பாதித் தமிழில் சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

கட்டட விதிகள் அவரிடம் புத்தகமாக இருந்தன. பக்கம் பக்கமாக இங்கிலீஷ். அதை நான் எங்கே படிக்க? ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு விதிக்கும் 'ஏன்' என்று கேட்டேன். அளவு மறந்து போகும். காரணம் மறக்காது.

கைப்பிடி ஏன் இடுப்பு உயரத்துக்கு மேலே? குறைந்தால் தடுமாறுகிற ஆள் அதன் மேலேயே கவிழ்ந்துவிடுவார். கழிவுக்குழி ஏன் கிணற்றை விட்டு அத்தனை தள்ளி? மண்ணுக்குள் தண்ணீர் நம் வேலியைக் கேட்டுப் போவதில்லை. எல்லாப் படிக்கும் ஏன் ஒரே உயரம்? கால் முதல் இரண்டு படியில் கணக்கைப் படித்துக்கொண்டு மற்றதைப் பார்க்காமலே இறங்கும். ஒரு படி மட்டும் மாறினால் கால் ஏமாந்துவிடும்.

வெளியாட்களைத் தங்க வைக்கிற இடத்துக்கு ஏன் படி நாலடி அகலம் என்று கேட்டபோது அவர் எழுந்து நின்று காட்டினார். "ஒராள் கேறும்போள் ஒராள் இறங்கணும். பின்னே, வய்யாத்த ஆளை ரெண்டு பேர் தாங்கி கொண்டு வரணும்." ஒருவர் ஏறும்போதே இன்னொருவர் இறங்க, உடம்புக்கு முடியாதவரைத் தாங்கிக் கொண்டுவர என்கிறார். கல்யாண வீட்டில் நான் கேட்ட அதே கேள்வி. பதில் எப்போதோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. இந்த விதிகளை எழுதியவர்கள் யாரோ தெரியாது. ஆனால் அவர்கள் என் ஆட்கள். கேஸ் அடுப்பைத் திரும்பிப் போய்ப் பார்க்கிற கூட்டம். எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் விழுந்ததைப் பார்த்து, தூக்கம் வராமல், இனி யாரும் இப்படி விழக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். அதுவரை என் பயத்தை நான் தனியாகச் சுமந்துகொண்டிருந்தேன். அன்று முதல் அதற்குப் பஞ்சாயத்து முத்திரை கிடைத்தது.

சுண்ணாம்புக் கோட்டில் சப்பரம்

தங்கராஜ் அண்ணாச்சி கொழுக்குமலைக்கு டூரிஸ்ட்டுகளை ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். ஓட்டு வீட்டைக் கான்கிரீட் ஆக்கி, மேலே இரண்டு அறை போட்டு ஹோம்ஸ்டே நடத்த வேண்டும் என்பது அவருக்கும் மைனிக்கும் நெடுநாள் ஆசை. வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

வீட்டின் இடது பக்கம்தான் படிக்கு இடம். அங்கேதான் ஜீப்புக்கு ஷெட் போட வேண்டும் என்பது அவர் கனவு. நாலடிப் படி என்றால் ஷெட்டில் ஜீப் நுழையாது. இரண்டரை அடி என்றால் நுழையும்.

இதற்கு நான் வைத்திருக்கும் ஒரு முறை உண்டு. சொல்லிப் புரிய வைக்க எனக்கு வராது. வாதாடினால் நாக்கு குழறும். அதனால் படி வரப்போகிற அளவைத் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவேன், திருப்பத்தோடு. இரண்டு படம் போடுவேன். ஒன்று வீட்டுக்காரர் கேட்கும் அகலம், ஒன்று விதி சொல்லும் அகலம். பிறகு வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேரை விட்டுத் தூக்கி, கோட்டுக்குள் நடக்கச் சொல்வேன்.

எங்கள் அந்தோணியார் கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்கள் செபஸ்தியும் அவன் கூட்டாளிகளும்தான். ஆகவே இதற்கு ஊரில் 'ராணியக்கா சப்பரம்' என்று பெயராகிவிட்டது. செல்வராணி என்ற என் முழுப்பெயரை விட அது பிரபலம்.

அண்ணாச்சி நாற்காலியில் ஏறியதும் கையை உயர்த்தி நாலு பக்கமும் ஆசீர்வாதம் செய்தார். மைனி அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவர் மேல் ஒரு செவ்வந்தியை எறிந்தார்.

"லே செபஸ்தி, புனிதரக் கீழ போட்ராத" என்றது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"புனிதர் காலையிலயே நாலு புரோட்டா சாப்பிட்ருக்காரு, கனமா இருக்காரு" என்றான் செபஸ்தி.

இரண்டரை அடிக் கோட்டில் நாலு பேர் நுழையவே முடியவில்லை. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் என்று வைத்துப் பார்த்தோம். திருப்பத்தில் நாற்காலி குறுக்கே நின்றுவிட்டது. செபஸ்தியின் கால் கோட்டைத் தாண்டி வெளியே போனது. "அங்க சுவரு இருக்கு, உன் கால் சுவருக்குள்ள இருக்கு" என்றேன். நாலடிக் கோட்டில் சிரமமில்லாமல் சுற்றி வந்தார்கள்.

அண்ணாச்சியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "சரி சரி, உன் இஷ்டப்படி போடு." எனக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதி எனக்கு எப்போதும் வருவதில்லை.

நனைகிற ஜீப்

அடுத்த வாரம் வண்டிப்பெரியாரில் வேறு ஒரு வேலைக்கு நான் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் படிக்குப் பலகை அடித்துக் கம்பியும் கட்டியாகிவிட்டது. அகலம் இரண்டரை அடி. செபஸ்தி என் கண்ணைப் பார்க்காமல் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"படி."

"நாம கோடு போட்ட படி இது இல்லையே."

"அது மழையில கரைஞ்சு போச்சு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"காசு வாங்கிட்டு ஆளத் தங்க வைக்கிற வீடு அண்ணாச்சி. இந்த அகலத்துக்குப் பஞ்சாயத்துல வீட்டு நம்பர் தர மாட்டாங்க, போர்டு மாட்ட முடியாது."

"அதெல்லாம் பேசிக்கலாம். வர்றவன் எல்லாம் சின்னப் பசங்க, ரெண்டு ரெண்டு படியாக் குதிச்சு ஓடுவான்."

"நீங்க?"

"எனக்கு என்ன? கொழுக்குமலை ரோட்டுல ஜீப்பு ஓட்டுற ஒடம்பு இது. ஆட்டி ஆட்டி எல்லாம் இறுகிப் போச்சு. ஷெட்டு இல்லாம என் ஜீப்பு நனையுது ராணி, அதப் பாரு."

ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, இந்த வேலை போனால் அடுத்தது யார் தருவார், ஊரெல்லாம் நான் பிடிவாதக்காரி என்று சொல்லுமே என்று எல்லாக் கவலையும் ஒன்றாக வந்தது. அவற்றுக்கு நடுவில், கயிற்றில் சுற்றிய அந்தப் பீரோவும் கண்முன் வந்தது.

"செபஸ்தி, பலகையப் பிரி" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"பிரிச்சா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றார் அண்ணாச்சி.

"பாத்துக்கோங்க. ஆனா இந்தப் பலகை மேல கான்கிரீட் என் கையால விழாது."

யாரும் நகரவில்லை. அப்போது வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த புஷ்பம் மைனி தலையைத் தூக்காமலே சொன்னார். "ஜீப்பு நனைஞ்சாக் காயும். பிரிக்கச் சொல்லுங்க."

பிரித்தோம்.

அதற்கப்புறம் படி முடியும்வரை அண்ணாச்சி என்னிடம் நேராகப் பேசவில்லை. நான் வரும்போதெல்லாம் ஜீப்பின் பானெட்டைத் தட்டி, "பாரு, உன்ன ரோட்டுல நிறுத்தினவ வந்துட்டா" என்பார். ஜீப் சாலை ஓரத்தில், படி முடிகிற இடத்துக்கு நேர் எதிரே, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

நான் என் வேலையைப் பார்த்தேன். டைல் ஒட்டிய பிறகு வரும் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் முதல் படியையும் கடைசிப் படியையும் ஊற்றினேன். பல வீடுகளில் அந்த இரண்டு படிதான் ஆளைத் தள்ளிவிடும். மேல்பரப்பில் வழுக்காமல் இருக்க வரி போட்ட டைல். இரண்டு பக்கமும் கைப்பிடி. "ஒரு பக்கம் போதாதா?" என்று செபஸ்தி கேட்டான். 'இன்னும் கொஞ்சம்' என்று பதிலும் அவனே சொல்லிக்கொண்டான்.

மாடி அறைக்குப் பீரோ வந்த நாள் எனக்கு மறக்காது. வழக்கம்போல் ஆட்கள் கூடினார்கள். கயிற்றுக்காரர் தோளில் கயிறோடு வந்து நின்றார். கடைப் பையன்கள் இரண்டு பேர் பீரோவைப் படுக்கப் போட்டுத் தூக்கி, ஏதோ பாய் எடுத்துப் போவது போலப் படியேறி மேலே வைத்துவிட்டு வியர்வை துடைத்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் கயிற்றுக்காரர். மைனி அவருக்கு வெற்றிலை பாக்கைக் கொடுத்து அனுப்பினார். வந்ததற்கு ஒரு சடங்காக.

பிறகு ஓவர்சியர் வந்தார். டேப் வைத்தார், கைப்பிடியை உலுக்கினார், கண்ணை மூடிக்கொண்டு படியில் ஏறி இறங்கினார். அவரும் எங்கள் கூட்டம்தான் போல. "ஓகே சேச்சி" என்றார். அடுத்த முறை வரவேண்டிய அவசியமில்லாமல் நம்பர் கிடைத்தது. பக்கத்தில் ஷெட்டோடு, சந்துப் படியோடு கட்டின வீடுகள் சில இன்னும் நம்பருக்காக ஆபீஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த வருஷம் சீசனுக்கு முதலில் போர்டு மாட்டியது எங்கள் அண்ணாச்சி.

திருப்பம்

இப்போது அவரை நாற்காலியிலிருந்து இறக்க வேண்டும்.

முதல் விருந்தாளிகள் மறுநாள் வருவதாக இருந்தது. மெத்தை விரிப்புகளை அவரே மேலே கொண்டு போயிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்தவர் எழவில்லை. நெஞ்சைப் பிடித்தபடி, இடது கை கனக்கிறது என்றாராம். நான் பாத்ரூமில் குழாயைத் திருகிக்கொண்டிருந்தவள் ஓடி வந்தேன். முகம் சாம்பலாக இருந்தது. எனக்கு வேறெதுவும் தெரியாது, இவரை ஒரு படி கூட நடக்க விடக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் பூச்சு வேலையில் இருந்த செபஸ்தியைக் கூவினேன். கூடவே மூன்று பேர் ஓடி வந்தார்கள். சப்பரம் தூக்குகிற அதே கூட்டம். யாரும் எதுவும் கேட்கவில்லை. அறையில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், அவரை அதில் உட்கார வைத்து ஆளுக்கொரு மூலையில் போய் நின்றார்கள். நான் முன்னால் ஓடிக் கீழே நின்றேன்.

"இடப்பக்கம் தாங்கு" என்றான் செபஸ்தி. திருவிழாவில் சொல்கிற அதே குரல்.

இறங்கத் தொடங்கினார்கள். மழை சாய்ந்து அடித்து, டைல் எல்லாம் பளபளவென்று நனைந்திருந்தது. பின்னோக்கி வரும் இருவரும் கீழே பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அவர்கள் கால்கள் படியைத் தேடவில்லை. ஒவ்வொரு படியும் கால் எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தது. வெளிப்பக்கத்து ஆட்களின் முழங்கை கைப்பிடியில் உரசிக்கொண்டே வந்தது.

திருப்பம் வந்தது.

"வலம் திரும்பு."

நாலு பேரும் அந்த மேடையில் ஒரே நேரத்தில் கால் மாற்றினார்கள். நாற்காலி மட்டமாகச் சுற்றியது. எதிலும் இடிக்கவில்லை. யாரும் சுவரில் ஒடுங்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டில் சுற்றியது போலவே சுற்றியது. அண்ணாச்சியின் தலை கூடச் சாயவில்லை. அடுத்த வரிசைப் படிகளில் அவர்கள் நடந்து வந்ததை நான் இறங்கியது என்று சொல்ல மாட்டேன். பவனி வந்தார்கள்.

படி முடிந்த இடத்தில் ஜீப் நின்றது. கதவு திறந்திருந்தது. நாற்காலியோடு ஏற்றி, மைனி பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி கிளம்பி வளைவில் மறைந்தது. கையில் இருந்த டேப்பின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து கோடு போட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

செபஸ்தி படியில் உட்கார்ந்தான். பிறகு பக்கத்துப் படியைத் தட்டிக் காட்டி, "அன்னைக்குப் பலகைய நான்தான அடிச்சேன்" என்றான்.

"நீயேதான பிரிச்ச" என்றேன்.

படியில் ஒரு குறை

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். நான் பார்க்கப் போனபோது தலையணையில் சாய்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ராணி, படியில ஒரு குறை இருக்கு."

"என்ன அண்ணாச்சி?"

"சட்டுனு முடிஞ்சு போச்சு. சப்பரத்துல உக்காந்த சுகமே தெரியல."

மைனி அவர் தொடையில் ஒரு அடி வைத்தார். நான் அங்கே நின்றபடியே அழுதேன், சிரித்தேன், எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் எங்கள் பக்கம் வீடு திருத்துகிறவர்கள் வந்து, "தங்கராஜ் வீட்டுப் படி மாதிரி வேணும்" என்று கேட்கத் தொடங்கினார்கள். இரண்டரை அடியில் செருகிக்கொண்டிருந்த வேறு காண்ட்ராக்டர்கள் கூட ஓவர்சியரிடம் போய் அளவு கேட்கிறார்களாம். போகட்டும். என் தொழில்காரர்களிடம் நான் சொல்வது இதுதான். ஆல்ட்ரேஷன்தானே என்று நினைக்காதீர்கள். போய்க் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேளுங்கள். ஏழாம் வகுப்புக்காரிக்கே புரிந்தது. வீட்டுக்காரர் ஜீப்பைப் பற்றி மட்டும் யோசிப்பார், அது அவர் உரிமை. அவர் யோசிக்காத நாளைப் பற்றி யோசிப்பது நம் வேலை.

ஆனைக்கரையில்

போன மாதம் ஆனைக்கரையில் ஒரு ஏலக்காய்த் தோட்டக்காரர் வீட்டுக்கு மாடி ஏற்றும் வேலைக்குப் போனேன். என்னையும் செபஸ்தியையும் அண்ணாச்சிதான் ஜீப்பில் கூட்டிப் போனார். மாத்திரை டப்பா சட்டைப் பையில் கிலுகிலுத்தது.

தோட்டக்காரர் நல்ல மனிதர். எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். "எல்லாம் சரிதான்க்கா, இந்தப் படிய மட்டும் கொஞ்சம் ஒடுக்கிப் போட்டா ஏலக்காய் காய வைக்க இடம் கிடைக்கும்."

நான் வாயைத் திறக்கும் முன்னால் அண்ணாச்சி முற்றத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோட்டப் போடு ராணி. அவர் கேட்ட அளவுக்கே போடு. அப்புறம் என்னயத் தூக்குங்க."

"உங்கள எதுக்குண்ணே தூக்கணும்?" என்றார் தோட்டக்காரர்.

"எனக்கு நெஞ்சு வலி. மாடியில இருக்கேன். உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி. சீக்கிரம்."

நான் கோடு போட்டு முடித்ததும் தோட்டக்காரரும் அவர் தம்பிமாரும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். அண்ணாச்சி ஆசீர்வாதம் செய்யவில்லை. கண்ணை மூடி, தலையைத் தொங்கப் போட்டார். அந்த நடிப்பைப் பார்த்து நான் மறுபடியும் டேப்பை இறுக்கிப் பிடித்தேன். திருப்பத்தில் சிரிப்பு நின்றது. ஒரு தம்பி முன்னால் போகப் பார்த்தான், ஒரு தம்பி பின்னால் வந்தான், நாற்காலி குறுக்கே நின்றது. தோட்டக்காரரின் குதிகால் கோட்டுக்கு வெளியே.

"இப்ப என்னய சுவத்துல இடிச்சிட்டீங்க" என்றார் அண்ணாச்சி கண்ணைத் திறக்காமல். "இன்னும் ஜீப்புக்குப் போயே சேரல."

அவரை மெல்ல இறக்கி வைத்தார்கள். தோட்டக்காரர் கோட்டைப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமல் சுண்ணாம்புத் தூள் வாளியைத் தானே எடுத்து, பழைய கோட்டைக் காலால் கலைத்து, தள்ளிப் புதுக்கோடு போட்டார். நான் டேப் வைத்துப் பார்த்தேன். நாலடியும் தாண்டியிருந்தது.

அவர் குனிந்தபடியே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடட்டுமாக்கா?"

ஜீப் பக்கம் நின்றிருந்த செபஸ்தி என் முகத்தையே பார்த்தான். அண்ணாச்சியும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"போதும்" என்றேன்.